இல்லாத குடோன்

என் இடது காலின் சுண்டுவிரலுக்கு ஒரு புது ஸ்கூட்டர் விலை சொன்னார்கள். வாங்குவதற்கு அல்ல, எடுப்பதற்கு. ஆயுசு முழுக்க வியாபாரம் செய்தவன் நான். என் பொருளையும் கொடுத்துவிட்டுக் கூடவே பணத்தையும் கொடுக்கச் சொன்ன இடத்தை அன்றுதான் பார்த்தேன். பில்லிங் கவுன்டரில் இருந்த பெண் காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். அறை வாடகை, மயக்க மருந்து, கட்டுத்துணி என்று எல்லாம் தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருந்தது. விரலுக்கென்று மட்டும் ஒரு வரி இல்லை. பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"சில்லறையா ஒரு விரலுக்கே இந்த விலைன்னா, நாளைக்கு முழுக்காலும் எடுக்கறதா இருந்தா மொத்த விலை போட்டுத் தருவீங்களாம்மா?"

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மகன் "அப்பா" என்றான். அந்த ஒரு சொல்லை அவன் பல ரகத்தில் வைத்திருக்கிறான். இது வாயை மூடு ரகம். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து காரில் உட்காரும்போதாவது பயம் வரும் என்று பார்த்தேன். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன வாடிக்கைக்காரனைப் போல அது வரவே இல்லை. ஜன்னல் வழியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்கூட்டர்களை மட்டும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவன் என் விரல்மேல் உட்கார்ந்து போவதாகத் தோன்றியது.

கால் மரத்துப்போய் நாளாகிவிட்டது. சர்க்கரை செய்த வேலை. முதலில் பஞ்சுமேல் நடப்பதுபோல இருந்தது, சொல்லப்போனால் சுகமாகவே இருந்தது. பிறகு பஞ்சும் போய்விட்டது. காலைத் தரையில் வைத்துவிட்டேனா என்று குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வேன். டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டதும் சொல்ல வேண்டும். அவர் குனியும்போது நாற்காலி கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். எதிராளி பையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவன் தொண்டையைக் கனைக்கிற விதத்திலேயே கண்டுபிடித்தவனுக்கு இது ஒரு வித்தையா? பரவாயில்லையே, இன்னும் உணர்ச்சி இருக்கிறதே என்று எழுதிக்கொள்வார். டாக்டரை ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்கு வருவேன்.

எங்களுடையது பட்டன் கடை. பட்டன், ஜிப், கொக்கி, நூல்கண்டு. இப்போது மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுக்கிறேன். தையல்காரர்கள் கடையில் எந்த ரகம் இல்லையோ அதைத்தான் சரியாகக் கேட்பார்கள். "கடையில இல்லைங்க, குடோன்ல இருக்கு. சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்பேன். எங்களுக்குக் குடோன் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அடுத்த தெருவில் இன்னொரு கடையில் வாங்கி, மேலே கொஞ்சம் வைத்துக் கொடுப்போம். இல்லை என்று சொன்னால் வாடிக்கை போய்விடும். குடோனில் இருக்கிறது என்றால் காத்திருப்பான். இந்தப் பொய்க்கு என் குடும்பமே சாப்பிட்டு வளர்ந்திருக்கிறது.

மகனின் மகள் மட்டும் இந்தக் குடோனை உண்மை என்று நம்பினாள். அவளை நான் முதலாளி என்றுதான் கூப்பிடுவேன். இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, நான் கொடுக்கிற சாம்பிள் பட்டன்களை ஒரு சோப்பு டப்பாவில் போட்டுக்கொள்வாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சோபாவில் அவற்றைப் பரப்பிக் கடை திறப்பாள். நான் ஒருவன்தான் வாடிக்கை. என் சரக்கை என்னிடமே விற்பாள், விலையில் ஒரு பைசா இறங்க மாட்டாள். கடை சாத்தும்போது இருப்புப் பார்ப்பது வழக்கம். பட்டன்களை எண்ணுவதில் அவளுக்குச் சலிப்பு, பாதியில் குழம்பிவிடும். அதனால் நான் கட்டிலில் காலை நீட்டிப் படுப்பேன், அவள் என் கால்விரல்களைக் கிள்ளிக் கிள்ளி எண்ணுவாள். பத்து வந்துவிட்டால் கணக்குச் சரி. கடைசி விரலைக் கிள்ளும்போது கூசுவதுபோல நெளிவேன். எப்போது கிள்ளுகிறாள் என்று தலையணையிலிருந்து ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் போன் பேசிக்கொண்டிருந்தபோது, "தாத்தா, குடோன் எங்க இருக்கு?" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். போனைக் கையால் மூடிக்கொண்டு, "யாரும் கை நுழைக்காத இடத்துல இருக்கும் முதலாளி" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டுபோய் வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். அலமாரியில் அம்மா கை நுழைப்பாள். மேஜை டிராயரில் அப்பா. வாசலில் என் புது ஷூ இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கென்று அகலமாகச் செய்தது, முனையில் ஒரு சின்ன அறையே இருக்கும். கால் நுழையும், கை நுழையாது. குடோனுக்கு அதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் பகல் பூராவும் அந்த ஷூவோடு நடந்தேன். பேங்குக்குப் போனேன், பார்சல் ஆபீசுக்குப் போனேன், மாடிப்படி ஏறினேன். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது ஈரமாக இருந்தது. எங்கேயோ தண்ணீரில் மிதித்துவிட்டோம் என்று நினைத்தேன். விளக்கைப் போட்டதும் நிறம் தெரிந்தது. ஷூவைக் கவிழ்த்தேன். கோட்டுக்குத் தைக்கிற உலோகப் பட்டன் ஒன்று விழுந்தது. தங்க நிறம், பின்பக்கம் வளையம் வைத்தது. வளையம் வளைந்து, முனை பிரிந்து நிமிர்ந்து நின்றது. அது அவளுடைய சோப்பு டப்பாவிலேயே உசத்தியான சரக்கு. அதைத்தானே குடோனில் வைப்பார்கள்.

துடைத்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினேன். புது ஷூ கடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சொல்லாமல் விட்டதற்கு என் மருமகள்தான் காரணம். கெட்டவள் இல்லை, ரொம்ப நல்லவள், அதுதான் சிக்கல். போன வருஷம் குழந்தை படியில் பந்தை விட்டுவிட்டுப் போய், வேலைக்கு வருகிற அம்மாள் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மருமகள் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போவாள். மாவுக்கட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். கட்டுப் பிரிக்கும்வரை இது நடந்தது. "தப்பு பண்ணா அது என்ன பண்ணுச்சுன்னு தெரியணும் மாமா" என்றாள் என்னிடம். நியாயம்தான். ஆனால் குழந்தை அதற்குப் பிறகு பந்தைத் தொடுவதில்லை. யாராவது உருட்டிவிட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பந்து போனால் போகிறது. என் காலையும் அப்படிப் பார்க்க ஆரம்பித்தாள் என்றால் ராத்திரி கடைக்கு எனக்கு வேறு முதலாளி கிடையாது.

அதனால் நானே மருந்து போட்டு, நானே கட்டி, சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். வலி இருந்தால் கத்தியிருப்பேன். வலிக்காத புண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். கடைசியில் நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. டாக்டர் பிரித்துப் பார்த்துவிட்டு, எலும்புவரைக்கும் போய்விட்டது என்றார். என்ன குத்தியது என்று இரண்டு தடவை கேட்டார். ஷூதான், ஷூதான் என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

என் மகன் அந்த ஷூவை எடுத்துக்கொண்டு நேராக அதை வாங்கின கடைக்குப் போய்விட்டான். எங்கள் கடைத்தெருவில் ஆளுக்குப் பேர் கிடையாது, சரக்குதான் பேர். நான் பட்டன், அந்தக் கடைக்காரர் ஷூ. வாலிப வயசிலிருந்து எதிரெதிர்க் கடை. நான்கு வாடிக்கைக்காரர்கள் முன்னால் என் மகன் அவரைக் கிழித்து எடுத்துவிட்டு வந்ததாகக் கேள்வி. பணம் திருப்பிக் கொடுத்திருக்கிறார், வாய் திறக்கவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனும் மருமகளும் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சாமான் வாங்க வெளியே போயிருந்தார்கள். குழந்தை சோபாவில் கடை விரித்துக்கொண்டிருந்தாள். ஷூ என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதப் பையிலிருந்து அந்த ஷூவின் உள்அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். ஓரத்தில் வட்டமாக ஒரு பள்ளம். விளக்குக்கு நேரே பிடித்தால் பட்டனின் விளிம்பில் இருக்கிற பூவேலைகூடத் தெரிந்தது.

"யோவ் பட்டன், இது என் சரக்கா, உன் சரக்கா?"

நான் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். அவர் சோபா பக்கம் திரும்பினார். முதலாளி ஒரு பட்டனைத் தூக்கிப் பிடித்து, இல்லாத வாடிக்கைக்காரரிடம், அது குடோன்ல இருக்குங்க, சாயங்காலம் வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அச்சு அசல் என் குரல். ஷூ நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையை எடுத்து நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி. என் ஷூதான் கடிச்சுது. தையல் சரியில்ல."

"உன் பேரு கெட்டுப்போச்சேய்யா."

"அதுக்கு என்ன விலை போடலாம்னு நீயே யோசிச்சு வை. ஆஸ்பத்திரியில வேற என்ன வேலை உனக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, ஒருமுறைக்கு இருமுறை உதறி மாட்டினார்.

விரலை எடுத்தது எனக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள், அது அனாவசியச் செலவு என்றே எனக்குப் பட்டது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மர பெஞ்சில் வேலை செய்வதுபோல ஒரு சத்தம். முடிந்துவிட்டது என்றார்கள். அழ வேண்டும்போல இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள், சிலருக்கு அப்படி ஆகுமாம். நான் மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு, மனசுக்குள் அங்கேயும் இங்கேயும் தொட்டுப் பார்த்தேன். நாற்காலிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பார்வை நேரத்தில் மருமகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாத்தா விரலில் பூச்சி வந்ததால் டாக்டர் எடுத்துவிட்டார் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தை கட்டிலைச் சுற்றிவந்து, கட்டுப் போட்ட காலை முகர்ந்து பார்த்துவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்தாள். மருமகள் ஜன்னலோரம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, குடோனையே காணோம்."

"என்ன குடோன்?" என்றாள் மருமகள், திரும்பாமல்.

"தாத்தா ஷூ. உள்ள தங்கப் பட்டன் வெச்சிருந்தேன். வளையம் வெச்சது. அப்பா எடுத்துட்டுப் போய்ட்டாரு."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. தோல் பாதியில் தொங்கியது. மருமகள் மெதுவாகத் திரும்பினாள். குழந்தையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ பொய் சொன்ன முகம் இது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"அத வித்துட்டேன் முதலாளி."

"யாருக்கு?"

"டாக்டருக்கு. கோட்டுல ஒண்ணு அறுந்து போச்சாம்."

"காசு?"

"கடனுக்குத்தான். ஆஸ்பத்திரியில எல்லாமே மெதுவாத்தான் வரும்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. கடனுக்கு விற்கிறவன் கடை உருப்படாது என்று நான் போனில் யாரையோ திட்டியதை அவள் கேட்டிருக்கிறாள். மருமகள் ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, தட்டை வைக்க இடம் செய்வதற்காகப் பக்கத்து மேஜையில் இருந்த என் கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். கண்ணாடி என் மூக்கில் இருந்தது. கூடு கடகட என்றது.  இன்னொரு தடவை, காதுக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக ஆட்டினாள். நான் குழந்தையின் தலைமுடியில் மாட்டியிருந்த கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டை அவள் திறக்கவில்லை. தன் கைப்பையில் போட்டு ஜிப்பை முழுக்க இழுத்தாள். எங்கள் கடை ஜிப்தான், ஒழுங்காக மூடியது.

"தாத்தா வித்துட்டேங்கறாரில்ல. விடு" என்றாள் குழந்தையிடம்.  ஆரஞ்சுத் தோலைப் பொறுக்குவதற்குக் குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. வீட்டுக்குப் போய் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தொண்டையைக் கனைக்கவும் இல்லை, அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க.

முதலாளி கடை சாத்துகிற வேலையை ஆரம்பித்தாள். வலது காலில் கிள்ளிக் கிள்ளி ஐந்து. இடது காலில் கட்டு இருந்தது.

"உள்ள எத்தனை இருக்கு?"

"நாலு."

"அப்ப ஒம்போது." தன் கைவிரல்களை மடக்கிப் பார்த்தாள். "பட்டன் ஒண்ணு வரணும். விரல் ஒண்ணு வரணும். ரெண்டும் டாக்டர்தான் தரணுமா?"

"ஆமா முதலாளி. எழுதிக்கோ."

எதில் எழுதுவது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு குனிந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த குதிகாலில், ஆள்காட்டி விரலால் அழுத்தமாக எழுத ஆரம்பித்தாள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நிதானமாக எழுதினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுதி முடித்துவிட்டாளா என்று தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.