கொட்டாஞ்சேனைக்குப் போன விரதச் சோறு

புரட்டாதி மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு பத்து. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஐந்து மாடித் தொடர்மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் கதிர்காமநாதன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கைப்பிடிச் சுவரில் ஒரு துண்டு வாழையிலை. இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, மேலே ஒரு சிட்டிகை எள்ளு. காகம் வந்து அதில் வாய் வைத்த பிறகுதான் அவர் சாப்பிடலாம். காகத்தைக் காணவில்லை.

முதற் சனிக்கு ஏழு காகங்கள் வந்தன. இரண்டாம் சனிக்கு ஒன்று வந்தது; அதுவும் சோற்றைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தது. இன்றைக்கு யோசிக்கவும் ஆளில்லை.

"கா... கா..." என்று கூப்பிட்டார். துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்தவர். தான் கூப்பிட்ட ஆட்கள் வராமல் விடுவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் காகங்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள் அல்ல.

அவருக்கு எழுபத்தொரு வயது. பதினாறு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. தை மாதத்திலிருந்து ஏழரைச் சனி. காலையில் சாப்பாட்டோடு குளிசை போட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். புரட்டாதிச் சனிகளில் காகத்துக்கு வைத்துவிட்டு ஒரு நேரம் மட்டும் சாப்பிட வேண்டும், காகம் சனீஸ்வரனின் வாகனமல்லவா என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். இரண்டு பேரையும் பகைக்கக் கதிர்காமநாதன் விரும்பவில்லை. காலையில் குளிசையைப் போட்டார், சாப்பாட்டை விட்டார். இரு தரப்புக்கும் பாதித் திருப்தியாவது இருக்கும் என்று நினைத்தார். வெறும் வயிற்றில் அந்தக் குளிசை சீனியைக் கீழே இறக்கிக்கொண்டே போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடத்தானே போகிறோம் என்று முதல் இரண்டு சனிகளும் கடந்துபோயின.

மனைவி சிவமணி மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"வந்ததோ?"

"இல்லை."

"நீங்கள் கூப்பிடுற சீருக்கு ஆர் வருவினம்? ஒபீசில பியோனைக் கூப்பிடுற மாதிரி."

அவளும் கூப்பிட்டுப் பார்த்தாள். எதிர்த் தொடர்மாடியில் உடுப்புக் காயப்போட்ட ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். வேறு பலனில்லை.

"உங்கட கை நடுங்குதப்பா."

"காத்து," என்றார். காற்று இருக்கவில்லை.

காவலாளி பியதாசவைக் கேட்கலாம் என்று இருவரும் கீழே இறங்கினார்கள். தொடர்மாடிக்குள் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரையும் அறிந்தவர் அவர். வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த பியதாச, கேள்வியைக் கேட்டதும் எழுந்து நின்றார்.

"கபுடோ ஒக்கம மெரிலா, மாத்தயா," என்றார். சிங்களத்தில், காகமெல்லாம் செத்துவிட்டன ஐயா என்று அர்த்தம். கதிர்காமநாதனுக்கு விளங்கவில்லையோ என்று தமிழிலும் சொன்னார். "நேத்து மூணு. முந்தாநாள் நாலு. நான்தான் கூட்டி பேக்ல போட்டது."

"ஏன் செத்தது?"

"எலி பாய்சன் தின்னுது. காகம் எலி தின்னுது." பியதாச சற்று யோசித்து, மரியாதைக்காகச் சேர்த்துக்கொண்டார். "நல்ல பாய்சன், மாத்தயா."

அந்த நஞ்சைக் கொண்டுவந்தவர் கதிர்காமநாதன்தான். வைகாசி மழையில் வாய்க்கால் பெருகி, கீழே வாகனம் நிறுத்துகிற இடத்துக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் மாடி ஜவாஹிறாவின் சாரதி, காலில் காயத்தோடு அதற்குள் இறங்கிக் காரைத் தள்ளினான். பத்து நாள் கழித்து எலிக்காய்ச்சல். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சிறுநீரகம் இன்னும் சரியில்லை. குடியிருப்பாளர் சங்கம் கூடியது. செயலாளர் என்ற முறையில் கதிர்காமநாதன் தேடிப் போய் எலி ஒழிக்கிற ஓர் ஆளைப் பிடித்தார். அந்த ஆள் மூலைக்கு மூலை நீல நஞ்சுக் கட்டிகளை வைத்தான். இரண்டு கிழமையில் எலி பாதியானது. செயலாளருக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றி எல்லாரும் நெக்டோ சோடா குடித்தார்கள். ஒழுங்கையிலிருந்த மற்ற எட்டுத் தொடர்மாடிகளும் அந்த ஆளின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டன. அவர் சந்தோஷமாகக் கொடுத்தார்; ஆவணி முடிவதற்குள் ஒழுங்கை முழுவதும் நீலக் கட்டிகள்.

கட்டியைத் தின்ற எலிகள் உடனே சாகவில்லை. நாலைந்து நாள் தள்ளாடித் திரிந்து, பட்டப்பகலில் வெட்டவெளியில் செத்தன. அந்த ஒழுங்கையின் அழுக்கையெல்லாம் இத்தனை வருடமாகத் துப்புரவாக்கிய காகங்கள் அவற்றையும் துப்புரவாக்கின.

ஏழரைச் சனி நடக்கிற ஒரு மனிதர், சனீஸ்வரனின் வாகனங்களை ஒழுங்கை முழுவதும் தீர்த்துக்கட்டியிருக்கிறார். இதைச் சாத்திரியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினார். யோசனை பாதி வழியில் வழுக்கிவிட்டது.

"நீங்கள் வந்து சாப்பிடுங்கோ," என்றாள் சிவமணி. "சனீஸ்வரனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

"அதுகளைச் சாக்காட்டிப்போட்டு, அதுகளுக்கு முந்தி நான் சாப்பிடவோ?"

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

அவர் கைத்தொலைபேசியை எடுத்து, கொட்டாஞ்சேனையிலிருந்த ஹியூபேட்டைக் கூப்பிட்டார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கதிர்காமநாதனின் ஒரேயொரு பழைய சிநேகிதர்.

"ஹியூபேட், உங்கட பக்கம் காகம் இருக்கோ?"

"காகமா? வீட்டுக்காரி டோரின் மீன் வெட்டுறா மச்சான், காகம் எல்லாம் இங்கதான். என்ட தலையில மட்டுந்தான் இன்னும் ஏறல்ல. ஏன், வெள்ளவத்தையில முடிஞ்சிட்டா?"

"ஓம்," என்றார் கதிர்காமநாதன். "முடிஞ்சுது."

சோற்றையும் கறிகளையும் அடுக்குச் சட்டிக்குள் போட்டுக்கொண்டு இருவரும் முச்சக்கர வண்டியில் ஏறினார்கள். சனிக்கிழமை மத்தியானம் காலி வீதியென்ற பெருந்தெருவில் வாகனங்கள் ஊர்ந்தன. பம்பலப்பிட்டியில் அவருக்கு வேர்த்தது. கொள்ளுப்பிட்டியில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. வண்டிச் சாரதி கண்ணாடியில் பார்த்தான்.

"ஹாஸ்பிட்டலா மாத்தயா?"

"இல்லை. காகம் பாக்க."

சாரதி கண்ணாடியைத் திருப்பிச் சிவமணியைப் பார்த்தான். சிவமணி ஓமென்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு வண்டி வேகமாகப் போனது.

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் வீட்டுப் பின்முற்றத்தில், காகங்கள் மதிலில் ஒரு வரிசை, கம்பியில் ஒரு வரிசை, தகரக் கூரையில் கணக்கில்லாமல் இருந்தன. நடுவில் ஹியூபேட்டின் மனைவி டோரின் சின்ன முக்காலியில் இருந்து பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். குடலை வாளிக்குள் எறிந்தாள்; பாதி வாளிக்குப் போனது, மீதி காகத்துக்குப் போனது.

சிவமணி மதிலில் இலையை விரித்துச் சோற்றை வைத்தாள். ஒரு காகம் தத்தி வந்தது. சோற்றை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மற்றக் கண்ணாலும் பார்த்தது. கத்தரிக்காய்த் துண்டொன்றை எடுத்து, பக்கத்தில் வைத்துவிட்டு, மீன் வாளிக்குத் திரும்பிப் போனது.

"இதுகள் வேதக்காரக் காகம், மச்சான்," என்றார் கிறிஸ்தவரான ஹியூபேட். "தவக்காலத்தில வந்தியெண்டா சைவம் சாப்பிடும்."

கதிர்காமநாதன் சிவமணியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கதிரை கொடுத்தார்கள்.

"மேல ஒரு மீன் தலையை வெச்சா?" என்று கேட்டார் ஹியூபேட். "ருசிக்கு."

"ஐயோ அண்ணை, விரதச் சோறு!"

"நான் கேட்டது காகத்துக்கு."

காகங்கள் இப்போது கதிர்காமநாதனுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன. கறுப்புக் காற்சட்டை போட்ட துறைமுக ஆட்கள் போலவும் இருந்தன. எல்லாரும் சும்மா நிற்கிறார்கள். கப்பல் காத்துக்கொண்டிருக்கிறது.

"ஆறாம் நம்பர் ஷெட்டுக்கு ஆட்கள் போதாது," என்றார் உரத்து. "இஞ்ச இவ்வளவு பேர் நிண்டு என்ன செய்யினம்?"

டோரின் கத்தியை வைத்தாள். எழுந்து வந்து அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சிவமணி அக்கா, இவருக்குச் சீனி இறங்கிட்டு. என்ட அம்மாவுக்கும் இப்பிடித்தான். கோயில்ல ஃபாதரிட்ட பஸ் டிக்கட் கேட்டவ. ஹியூபேட், தண்ணியில சீனி கரைச்சுக் கொண்டாங்க. ஓடுங்க!"

குவளை வந்தது. கதிர்காமநாதன் பல்லை இறுக்கிக்கொண்டார். ஷெட், கப்பல், ஆட்கள் எல்லாம் குழம்பிக் கிடந்தாலும் ஒரு விஷயம் மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது.

"காகம்," என்றார் பல்லுக்குள்ளால்.

"இப்ப குடிக்காட்டி விழுந்திருவீங்க அண்ணன். பிறகு ஆஸ்பத்திரிதான்."

"காகம்."

டோரின் திரும்பிப் போய் மீன் சட்டியை உள்ளே கொண்டுபோனாள். வாளியை மூடினாள். இரண்டு வாளி தண்ணீரைச் சீமெந்துத் தரையில் அடித்து ஊற்றினாள்.

"அப்ப நமக்குச் சாப்பாடு?" என்றார் ஹியூபேட்.

"சும்மா இருங்க!"

முற்றத்தில் மீன் வாடை மட்டும் மிஞ்சியது. முப்பது காகங்கள் அவமானப்பட்டவை போல மூடிய வாளியைப் பார்த்தன. ஒரு நிமிடம் போயிற்று. சிவமணி கணவரின் தோளைப் பிடித்திருந்தாள். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார். இன்னொரு நிமிடம் போயிற்று. கூரையிலிருந்து ஒரு கிழட்டுக் காகம் இறங்கி மதிலில் நின்றது. யாருக்கோ உபகாரம் செய்வதுபோல ஒரு வாய் சோற்றை எடுத்து விழுங்கியது. பின்னால் இரண்டு வந்தன. பிறகு எல்லாமே வந்தன. இலை கிழிந்து மதிலுக்கு அப்பால் ஒழுங்கைக்குள் விழுந்தது.

"திண்டுட்டுது! பாருங்கோ, திண்டுட்டுது!" என்று சிவமணி கத்தினாள். அதற்கிடையில் குவளைத் தண்ணீர் அவருடைய வாய்க்குள் போயிருந்தது.

கால் மணித்தியாலத்தில் கப்பல் போய்விட்டது. ஷெட் போய்விட்டது. கதிர்காமநாதன் ஹியூபேட்டின் பின்முற்றத்தில் நனைந்த சட்டையோடு இருந்தார். மடியில் தட்டு, தட்டில் ஆறிய சோறு. அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். டோரின் மீனை மறுபடி வெளியே கொண்டுவந்தாள். காகங்கள் சண்டை பிடித்தன, கத்தின, ஹியூபேட்டின் சட்டையில் எச்சமிட்டன. நல்ல சுகத்தோடு இருந்தன. வெள்ளவத்தைக் காகங்கள் இப்படிச் சத்தம் போட்டபோது அவற்றுக்கெதிராகவும் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று ஒருமுறை நினைத்திருந்தார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, சங்கத் தலைவி ஜவாஹிறாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மகள், அந்த எலி மருந்தை எடுக்க வேணும். எல்லாக் கட்டியையும்."

"என்ன அங்கிள் சொல்றீங்க? என்ட ட்ரைவர் இன்னும் கிட்னி க்ளினிக்குக்குப் போறார். மருந்த எடுத்தா எலி வராதா?"

"வரும்."

"அப்போ?"

அவள் கேட்டது நியாயம். அந்தச் சாரதியை ஆஸ்பத்திரியில் அவரும் போய்ப் பார்த்தவர், மஞ்சளித்த கண்கள்.

"எலி சாப்பாட்டுக்குத்தானே வருது," என்றார் மெல்ல. "நாங்கள் இருவது வீட்டுக்காரர் மிஞ்சின சோறு கறியெல்லாம் ஷொப்பிங் பேக்கில கட்டிக் கீழ எறியிறம். குப்பை லொறி வாற நாளில ஒருத்தரும் இறங்கிறேல்லை. பீப்பாய்க்கு மூடியுமில்லை. அவ்வளவும் அதுகளுக்கு விருந்து. அந்தக் குப்பையை நான் பாக்கிறன்."

"நீங்களா? நீங்க செக்ரட்டரி, அங்கிள்."

"ஓம். அதாலதான்."

"ஒரு மாசம் பாப்போம்," என்றாள் ஜவாஹிறா. "எலி கூடினா நான் திரும்ப வெப்பேன். சொல்லிட்டேன்."

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கதிர்காமநாதன் கீழே இறங்கினார். முதலில் மூன்று இடியப்பம் சாப்பிட்டிருந்தார். அதன் பிறகு குளிசை. சிவமணியின் மஞ்சள் இறப்பர்க் கையுறைகளைப் போட்டிருந்தார். பியதாச ஏற்கெனவே குறட்டால் நீலக் கட்டிகளைப் பொறுக்கி ஒரு தகரத்துக்குள் போட்டிருந்தார். அறுபத்திரண்டு.

முதற் குப்பைப் பையை அவிழ்த்ததும் கதிர்காமநாதன் இரண்டடி பின்னால் போனார். பிறகு முன்னால் வந்தார். சோறு ஒரு பக்கம், பிளாஸ்ரிக் மற்றப் பக்கம். இரண்டாம் மாடிப் பல்கனியிலிருந்து சிவபாதசுந்தரம் பத்திரிகையும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"என்ன காணும், கொர்ப்பரேசன்காரர் ஸ்ரைக்கோ?"

"இல்லை. இது உங்கட வீட்டுப் பொலித்தீன். இறங்கி வந்து பிரியுங்கோ."

சிவபாதசுந்தரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பல்கனிக் கதவு பூட்டப்படும் சத்தம் கேட்டது.

"மாத்தயாட சுகர் எப்படி?" என்று கேட்டார் பியதாச.

"நூற்று நாற்பத்திரண்டு."

"ஹொந்தாய், நல்லது," என்றார் பியதாச. குப்பைப் பீப்பாயின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். மறுபக்கத்தைக் கதிர்காமநாதன் பிடித்தார். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. இன்னும் ஒன்பது இருந்தன.