தேன்பெட்டிக்குப் பின்னிய ஸ்வெட்டர்

ஜனவரி மாதம் பாதி கடந்திருந்தபோது ரூஷா வீட்டுத் தோட்டத்தில் மட்டும் வசந்தம் வந்தது. எங்கள் ஸ்லிவோதோல் கிராமத்தின் மற்ற இடங்களிலெல்லாம் பனி முழங்கால் உயரம் கிடந்தது. டான்யூப் ஆற்றின் ஓரம் உறைந்துபோய் வாத்துகள் அதன்மேல் நடந்துகொண்டிருந்தன. கிணற்று வாளி காலையில் கயிற்றோடு சேர்ந்து விறைத்து நின்றது. ரூஷாவின் வேலிக்குள் மட்டும் மண் கறுத்து, ஈரமாகி, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வேலிப் பலகைகளின் வெளிப்பக்கம் பனிக்கட்டி தொங்கியது, உள்பக்கம் நத்தை ஊர்ந்தது. நம்பாதவர்கள் வந்து பார்த்திருக்கலாம். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது, வந்தவர்களுக்குக் காஞ்சொறிக் கொழுந்து போட்ட சூப்பும் கிடைத்தது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு செங்கால் நாரை. இலையுதிர் காலத்தில் நாரைக் கூட்டமெல்லாம் தெற்கே போனபின் ஒன்று மட்டும் இறக்கை ஒடிந்து ரூஷாவின் வெங்காயப் பாத்தியில் விழுந்து கிடந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டாள். பாஷா என்கிற அவளுடைய பூனை எதிர்ப்புத் தெரிவித்து, மூக்கில் ஒரு கொத்து வாங்கி, அன்றிலிருந்து ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே மேல்தட்டில் குடியேறியது. நாரை அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கணக்குக் கேட்க வந்த அதிகாரி மாதிரி நடந்தபடியே இருந்ததால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வந்தது. ரூஷா அதற்கு நீளமாக இரண்டு காலுறை பின்னிப் போட்டாள். ஏற்கெனவே சிவப்பாக இருக்கிற காலுக்குச் சிவப்பு நூலை எதற்கு வீணாக்க வேண்டும் என்று நீலத்தில் பின்னினாள்.

குளிர்காலம் வந்தால் ரூஷாவின் கை சும்மா இருக்காது. எங்கள் தெருவில் அவள் பின்னியது எதுவும் இல்லாத உடம்பு கிடையாது. தபால்காரி கிச்காவின் தொப்பி, பாதிரியாரின் காதுமூடி, ஊர்த்தலைவரின் வயிற்றுப்பட்டை எல்லாம் அவள் கைவேலைதான். ரொட்டிக்கடைக் கழுதைக்குக்கூட ஒரு மேல்துண்டு உண்டு. இல்லாத ஒரே ஆள் பக்கத்து வீட்டு மெத்தோதி. மனைவி செத்து வெகுகாலமான மனிதன், தேனீ வளர்ப்பவன், அதிகம் பேசாதவன். முழங்கையில் ஓட்டை விழுந்த பழைய ஸ்வெட்டரோடு குளிர்காலம் முழுவதும் நடமாடுவான். அவனுக்கு ஏன் பின்னவில்லை என்று யாரும் ரூஷாவிடம் கேட்டதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். மெத்தோதி ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், திராட்சை பிழிந்து முடித்த கையோடு, வேலியோரம் வந்து நின்று, என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்பான். இப்போது குளிர் வருகிறது, வசந்தம் வரட்டும் பார்க்கலாம் என்பாள் ரூஷா. வசந்தத்தில் கேட்டால், தோட்டத்தில் தலைக்குமேல் வேலை கிடக்கிறது, குளிர்காலம் வரட்டும் என்பாள். ரூஷாவும் கணவனைப் பறிகொடுத்தவள்தான். தனியாக இருந்து பழகி, அந்தப் பழக்கம் அவளுக்குப் பிடித்தும் போய்விட்டது. அவனுக்கு ஒரு கையுறை பின்னினாலே ஊர் மேளம் கொட்டிவிடும் என்று பயந்தாள். பயம் நியாயமானதுதான். நாங்கள் கொட்டியிருப்போம்.

வசந்தம் வந்த கதைக்கு வருகிறேன். மார்ச் முதல் தேதி எங்கள் ஊரில் எல்லோரும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். முதல் நாரையைக் கண்ணால் பார்த்ததும் அதை அவிழ்த்துப் பழமரத்தில் கட்டிவிட வேண்டும். அதோடு குளிர்காலம் முடிந்தது என்று அர்த்தம். தெருவுக்கே நூல் முறுக்கித் தருகிறவள் ரூஷா, அந்த வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவாள். அன்று நீளம் சரியா என்று பார்க்க ஒரு நூலைத் தன் மணிக்கட்டிலேயே சுற்றி முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு அடுப்புக்கு விறகு எடுக்கத் திரும்பினாள். இன்ஸ்பெக்டர் நேருக்கு நேர் நின்று அவளைப் பார்த்தது.

வேறொருத்தியாக இருந்தால் சிரித்துவிட்டு நூலைக் கழற்றி வைத்திருப்பாள். ரூஷா முறை தவறாதவள். நூல் கட்டியாகிவிட்டது, நாரையைப் பார்த்தாகிவிட்டது, அப்புறம் என்ன. தன்னையும் நாரையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே பூட்ஸை மாட்டி, பனியில் இறங்கி, கிளையெல்லாம் வெள்ளையாக நின்ற ஆப்ரிகாட் மரத்தில் நூலைக் கட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலை வசந்தம் வந்துவிட்டிருந்தது.

முதலில் வந்தவள் கிச்கா. வாசலில் கோட்டையும் பூட்ஸையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு புல்லில் நின்று, "அக்கா, உன் வீட்டுத் தபாலை இனி கடைசியாத்தான் கொண்டு வருவேன். வந்தா போக மனசு வராது போலிருக்கு" என்றாள். பிறகு பெண்கள் துவைத்த துணிகளை உலர்த்த வந்தார்கள், ஆண்கள் தாயப் பலகையோடு வந்தார்கள், குளிரில் முட்டை இடுவதை நிறுத்தியிருந்த கோழிகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வந்த கோழிகள் அன்று மாலைக்குள் இட்டன. ஊர்த்தலைவர் வந்து இதற்கு அனுமதி வாங்கியிருக்கிறாயா என்று கேட்டார். சூப் குடித்துவிட்டு, வேலிக்குள் இருக்கிறவரை தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிப் போனார். பாஷா மேல்தட்டிலிருந்து இறங்கி வெயில் பட்ட கல்லில் மல்லாந்து படுத்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

அப்புறம் ஆப்ரிகாட் பூத்தது. மரம் முழுக்க, கிளை தெரியாமல், வெளிறிய ரோஜா நிறத்தில் பூத்து நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். ரூஷா மட்டும் மரத்தடியில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். மரம் சத்தமே இல்லாமல் இருந்தது. ஒரு தேனீகூட இல்லை. ஜனவரியில் தேனீ எங்கிருந்து வரும்?

அந்த மரம் அவள் கையால் ஒட்டுக்கட்டி வளர்த்தது. முந்தைய இரண்டு வருடமும் பூத்த வேளையில் உறைபனி விழுந்து ஒரு காய்கூடத் தங்கவில்லை. எங்கள் தெருவில் ரொட்டிக்குத் தடவ நல்ல ஜாம் இல்லாமல் போனது. காய்க்காத மரம் அப்படியே காய்ப்பை மறந்துவிடும் என்று ரூஷா உள்ளூர அஞ்சினாள். மரம் வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். இந்தப் பூவும் வீணாய்ப் போனால் மூன்றாவது வருடம். ஏணி போட்டு ஏறி, கோழி இறகால் பூவுக்குப் பூ தொட்டுப் பார்த்தாள். கீழ்க்கிளை ஒன்று முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. பூனை வாலால் தடவலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள், பாஷா வேலி தாண்டி ஓடியது, பனியில் கால் வைத்ததும் அதே வேகத்தில் திரும்பி வந்தது.

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத ரூஷா கடைசியில் வேலியோரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் மெத்தோதி மண்வெட்டியால் பனி தள்ளிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்துக் காற்று பலகை இடுக்கு வழியாக அவள் முழங்காலைக் கடித்தது.

"மெத்தோதி, உன் தேனீயெல்லாம் தூங்குதா?"

"தூங்காது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருக்கும். பெட்டியில காது வெச்சா கேக்கும்."

"ஒரு பெட்டிய இந்தப் பக்கம் கொண்டு வர முடியுமா?"

மெத்தோதி வேலிக்கு மேலாக மரத்தைப் பார்த்தான். "தெரு சுத்தித்தான் வரணும். வழியில குளிர் உள்ள பூந்துச்சுன்னா மொத்தமும் செத்துப்போகும், ரூஷா."

"அப்ப வேணாம் விடு."

"வேணாம்னு நான் சொன்னேனா? நல்லாப் போத்தி எடுத்துட்டு வரணும். கம்பளியில கனமா ஏதாவது பண்ணிக் குடு."

அன்று ரூஷா வீட்டில் அடுப்பில் வைத்த பீன்ஸ் தீய்ந்தது. துணிப்பெட்டிக்குள் பல வருடம் எடுத்து வைத்திருந்த கரும்பச்சை நூலை வெளியே எடுத்து உட்கார்ந்தவள், பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, கையை நிறுத்தாமல் பின்னினாள். ஊசிகள் பின்னிய வேகத்தில் சூடேறின, இன்ஸ்பெக்டர் அவற்றின் அருகில் வந்து நின்று குளிர்காய்ந்தது. தேன்பெட்டியின் அளவு அவளுக்குத் தெரியாது, போய் அளந்து வரவும் நேரமில்லை. கைக்குத் தெரிந்த அளவில் கை பின்னியது. முடித்து விரித்துப் பார்த்தபோது அதில் ஒரு கழுத்துப்பட்டையும் இரண்டு கைகளும் இருந்தன. பிரித்துப் பின்ன நேரமில்லை என்று கிச்காவிடம் பின்னர் சொன்னாள்.

மெத்தோதி அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினான். "ரூஷா, தேன்பெட்டிக்கு எதுக்குக் கை?"

"தூக்குறதுக்குப் பிடி வேணாமா?" என்றாள் ரூஷா.

மெத்தோதி பெட்டிக்கு ஸ்வெட்டரை மாட்டி, தேனீ வாசலை அடைத்து, ஸ்வெட்டர் கைகள் இரண்டையும் தன் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, பெட்டியை மார்போடு அணைத்தபடி தெருவில் நடந்தான். வழுக்கும் பனியில் குழந்தையைத் தூக்கிப் போகிறவன்போல ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்தான். நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தோம். ஒரு பச்சை ஸ்வெட்டர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிற காட்சியைப் பார்த்தும் அவன் தலை மறைகிறவரை யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் மெல்ல, "நமக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. அந்தம்மாவுக்குத்தான் இன்னும் தெரியல" என்றார்.

பெட்டியை மரத்தடியில் இறக்கி வைத்து வாசலைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. மெத்தோதி பெட்டியில் காது வைத்தான், முகம் மாறாமல் எழுந்தான், மறுபடி வைத்தான். உன் தேனீயை நான் கொன்றுவிட்டேன் என்று சொல்ல ரூஷா வாயெடுத்த சமயத்தில் ஒரே ஒரு தேனீ வெளியே வந்து, வாசற்பலகையில் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தது. இன்ஸ்பெக்டர் ஆசையோடு ஓர் அடி முன்னால் வைத்தது, ரூஷா அதன் அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தேனீ பறந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அப்புறம் எண்ண முடியாதபடி. மதியத்துக்குள் மரம் முழுக்க ரீங்காரம் கேட்டது. ரூஷா அழுதாள். எல்லோர் எதிரிலும், நாரையின் அலகை விடாமலே அழுதாள். மெத்தோதி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வருகிறேன் என்று வீட்டுக்குப் போனான்.

போனவன் வந்து ஒன்றும் கேட்கவில்லை. பூ உதிர்ந்து பட்டாணி அளவுக்குக் காய் பிடித்தது, அப்போதும் கேட்கவில்லை. தினமும் தேனீயைப் பார்க்க வந்தான், பார்த்தான், போனான். உதவிக்குக் கூலிபோலக் கேட்டதாக ஆகிவிடும் என்று அவன் நினைத்தான் என்பது எங்கள் கணிப்பு. ரூஷாவுக்குச் சிடுசிடுப்பு வந்தது. பூனையைத் திட்டினாள், நாரையைத் திட்டினாள், சூப்பில் உப்பு அதிகம் போட்டாள். பிப்ரவரியில் ஒரு நாள் வேலியோரம் போய் அவனைக் கூப்பிட்டாள்.

"ஏன்யா, வருஷா வருஷம் ஒண்ணு கேப்பியே. மறந்துட்டியா?"

மெத்தோதி பனியில் நின்றபடி நிதானமாகச் சொன்னான்: "மறக்கல. இங்க நின்னு கேட்டா பனி, வசந்தம் வரட்டும்ப. அங்க வந்து கேட்டா வசந்தம், தோட்ட வேலை கெடக்குதும்ப. எங்க நின்னு கேக்குறதுன்னு எனக்குத் தெரியல."

ரூஷா யோசித்தாள். இத்தனை வருடம் சொன்ன இரண்டு சாக்குகளும் ஒரே வேலியின் இரண்டு பக்கமும் நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. கொட்டகைக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்து வேலிப் பலகைகளில் இரண்டைப் பெயர்த்துத் தூரப் போட்டாள். பனியும் வசந்தமும் முட்டிக்கொண்ட அந்த இடைவெளியில் இலையுதிர் காலம் இருந்தது. எங்கிருந்தோ மஞ்சள் இலைகள் விழுந்தன, பிழிந்த திராட்சையின் வாசனை வந்தது.

"இங்க நில்லு. நின்னு கேளு" என்றாள்.

மெத்தோதி அங்கே வந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான். ரூஷா திரும்பி மரத்தடியைப் பார்த்தாள். "அந்தப் பெட்டிக்கு இனிமே வெயில் போதும். ஸ்வெட்டரக் கழட்டி நீ போட்டுக்கோ" என்றாள். அவன் போட்டுக்கொண்டான். தோளில், மார்பில், கை நீளத்தில், எங்கேயும் ஒரு விரல் அகலம்கூடப் பிசகவில்லை. மேளம் கொட்ட நாங்கள் யாரும் தாமதிக்கவில்லை.

கல்யாணத்தில் விருந்தாளிகளில் பாதிப்பேர் கோட்டோடும் பாதிப்பேர் சட்டையோடும் ஆடினார்கள். ஆப்ரிகாட் ஏப்ரலில் பழுத்தது, தெரு முழுக்க ஜாம் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தத் தோட்டம் ஊரைவிட இரண்டு மாதம் முன்னால் ஓடுகிறது. செப்டம்பர் கடைசியில் அங்கே முதல் பனி விழும்போது எங்கள் பிள்ளைகள் சறுக்குப் பலகையோடு போவார்கள், நாங்கள் தர்ப்பூசணியைக் குளிரவைக்கக் கொண்டுபோவோம். இன்ஸ்பெக்டர் இறக்கை கூடி மற்ற நாரைகளோடு பறந்து போனாலும், கூட்டம் தெற்கே கிளம்புகிற சமயத்தில் அது மட்டும் திரும்பி வந்து சமையலறைக் கதவைத் தட்டும், ரூஷா நீலக் காலுறையை எடுத்துக் கொடுப்பாள். வேலியின் அந்த இடைவெளியில் ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். பச்சை ஸ்வெட்டர் அதில்தான் தொங்குகிறது. இருவரில் யார் குளிர்ப் பக்கம் போகிறாரோ அவர் எடுத்து மாட்டிக்கொள்வார். மாட்டுவதற்கு முன் ஒரு தடவை உதற வேண்டும், கைகளுக்குள் தேனீ இருக்கும்.