நாலாவது கார்டு

போரில் கைதானவர்கள் வீட்டுக்கு எழுதிய கார்டுகளைக் கண்காட்சிக்காக எங்கள் நூலகம் சேகரித்தது. வீடு வீடாகப் போய் வாங்குவது என் வேலை.

தையல்கடையில் பொத்தான் தைக்கும் அத்தை நான்கு கார்டுகள் கொடுத்தார். தெருவுக்கே அவர் 'பொத்தான் அத்தை'. கணவர் போர்க்கைதி முகாமிலேயே இறந்துபோனவர்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பியா? உயிரோட இருக்கற என்னை ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அவருக்கு வந்த வாழ்வைப் பாரு!"

சிரித்துவிட்டு நாலாவதைத் தனியே எடுத்தார்.

"இதை மட்டும் அழுக்காக்கிடாதே."

கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தபோது அத்தை ஆலையில் வேலையாக இருந்தார். அதை முகாமுக்கு எழுதினார். வந்த பதில் அது. 'விரல் சரியில்லை, நண்பன் எழுதுகிறான். குழந்தை போனதில் உன் தப்பு எதுவும் இல்லை. தூங்கு.'

"அன்னைக்குத்தான் தூங்கினேன்," என்றார்.

வீட்டில் மேசைமேல் கார்டுகளைப் பரப்பினேன். அப்பா முடிதிருத்துபவர், அதே முகாமிலிருந்து திரும்பியவர். அதைப் பற்றிப் பேசமாட்டார். தையல்கடைத் தெருவில் கால் வைக்கவும் மாட்டார். "அங்க என்ன, புலியா கட்டி வெச்சிருக்கு?" என்று கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு அலுத்துவிட்டது.

நாலாவது கார்டைப் பார்த்ததும் அப்பா தேநீரைக் கீழே வைத்தார்.

"இது என் கையெழுத்து."

"அவர் சொல்லச் சொல்ல எழுதினீங்களா?"

"அவன் அப்போ செத்துட்டான்."

எனக்குப் புரியவில்லை.

"பனிக்காலம். நாறாது. கட்டில்லயே போர்த்தி வெச்சிருந்தோம். பேர் கூப்பிடறப்போ, காய்ச்சல்னு சொல்லி அவன் கையைத் தூக்கிப் பிடிப்போம்."

"எதுக்குப்பா?"

"அவன் பங்கு ரொட்டி வந்துகிட்டிருந்துச்சு."

கார்டை எடுத்து மறுபடி பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு கடிதாசி வந்துச்சு. பதில் போகலேன்னா காவல்காரனுக்குச் சந்தேகம் வரும். ரொட்டியை மென்னுகிட்டேதான் எழுதினேன்."

அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவரே தையல்கடைக்குப் போனார். நானும் போனேன். எல்லாவற்றையும் சொன்னார். ரொட்டியையும்.

அத்தை ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ குழந்தை போனது அவருக்குத் தெரியவே தெரியாதா, அண்ணே?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா இதைத்தான் எழுதியிருப்பாரா?"

அப்பா ஒரு பொய் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"தெரியல, தங்கச்சி. தினமும் அந்தக் குழந்தையப் பத்தித்தான் பேசுவான்."

அத்தை குனிந்து அடுத்த பொத்தானைத் தைக்கத் தொடங்கினார். ஊசியில் நூல் இல்லை.