தொட்டிக்குள் போட்ட செம்புக் குழாய்

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வர இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. மீன் தொட்டியைப் பார்த்தால் ஏசி மெக்கானிக்கான இவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடி முழுக்க நத்தை. மிளகு மிளகாக அப்பிக் கிடந்தன. புதுச் செடியோடு ஒன்றிரண்டுதான் வந்திருக்கும். "தீனி ஒரு சிட்டிகைதான்" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் இல்லாமல் மீன் வாடிப்போகுமே என்று இவர் கை தாராளமாகிவிட்டது. மீன் விட்ட மிச்சத்தைத் தின்று நத்தைகள் குடும்பம் குடும்பமாகப் பெருகின.

மீன் என்றால் ஒரே மீன்தான். அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும் வயசான கெளுத்தி. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதற்குப் பேர் மீசைக்காரர். அவள் விரலால் கண்ணாடியைத் தட்டினால் மீசையை ஆட்டிக்கொண்டு மேலே வரும். வேறு யார் தட்டினாலும் ம்ஹூம்.

போனில் அவள் முதலில் கேட்பதே அதைத்தான். "மீசைக்காரர் எப்படி இருக்கார்?"

"ஜம்முனு இருக்கார். வந்து பாரு, தொட்டி பளபளன்னு இருக்கும்" என்று வாயை விட்டுவிட்டார்.

மீன் கடைக்காரர் சாவகாசமான ஆள். "தீனியைக் குறைங்க. ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டைப் போடுங்க, நத்தை எல்லாம் அதுல வந்து ஒட்டும். காலைல தூக்கிப் போட்டுடுங்க. ஒரு மாசத்துல குறைஞ்சிடும்."

"ஒரு மாசமா? வீட்டம்மா நாளன்னிக்கு வர்றாங்க சார். செம்பு பட்டா நத்தை சாகுமாமே?"

"சாகும். ஆனா நீங்க என்ன மீன்..."

'சாகும்' என்ற சொல்லோடு இவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். செம்புக்கா பஞ்சம்? ஏசிக்குப் போட்டு மிஞ்சிய குழாய்த் துண்டுகள் பரண் நிறையக் கிடந்தன. நீளமாக ஒன்றை எடுத்து, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, சுருளாகச் சுற்றித் தொட்டிக்குள் இறக்கினார். நல்ல வேலைக்காரன் கை. சுருள் அழகாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் மைத்துனன் வந்தபோது நத்தைகள் தண்ணீரை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தன. விளிம்புக்கு மேலே, மூடியின் அடியில், சுவரில்கூட. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சத்தமே இல்லாமல்.

"மாமா, உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு ஊரைக் காலி பண்ணுதுங்க போல."

"பின்ன? யாருன்னு நெனச்ச?" என்று சிரித்தார்.

"சிரிச்சது போதும். டாக்டர் சொன்னதை ஞாபகம் வெச்சிருக்கீங்களா? அக்காவுக்கு மாத்திரை நீங்கதான் பார்த்துக் குடுக்கணும். தலை சுத்தல்ல அவளுக்கு எது எதுன்னு தெரியாது."

"எல்லாம் தெரியும்டா. போ."

அவன் போன பிறகு மீசைக்காரரைத் தேடினார். கல் பொந்தில் இல்லை. பகலில் வெளியே தலைகாட்டாத மீன், தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. பசி என்று நினைத்து ஒரு பிடி தீனியைப் போட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடிந்தபோது தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கியிருந்தது. வீடெல்லாம் வாடை. குச்சியால் கல்லைக் கிளறினார். அடியிலிருந்து செத்த நத்தைகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி வந்தன. ஓடிப்போனது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் உள்ளேயே அழுகிக் கிடந்திருக்கிறது. அலறியடித்துக்கொண்டு கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"கெளுத்தியா? ஐயோ, அதுக்குச் செதிலே கிடையாதே சார்! செம்பு நேரா உடம்புல இறங்கிடும். அதைக் கேக்கத்தானே வாயெடுத்தேன்? உடனே நல்ல தண்ணிக்கு மாத்துங்க!"

மீனை வாளிக்கு மாற்றினார். அது பக்கவாட்டில் சாய்ந்தது. கையால் நிமிர்த்திவிட்டார். மறுபடி சாய்ந்தது. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நேராகத் தொட்டிக்குத்தான் போனாள். கண்ணாடியைத் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள்.

"அவர்... வாளியில இருக்கார்மா" என்றார் இவர்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். மீசை அசையவில்லை. தொட்டிக்குள் கிடந்த சுருளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நத்தை மேல ஏறுச்சா?"

"ஏறுச்சு."

"அப்பவே தண்ணி சரியில்லேன்னு தோணலையா உங்களுக்கு?"

தம்பியிடம் கையை நீட்டினாள். "அந்த மாத்திரைப் பையை இப்படிக் குடு."

"நான் எடுத்துக் குடுக்கறேன்மா" என்றார் இவர்.

"வேண்டாம். நானே பார்த்துக்கறேன்."

கட்டிலில் உட்கார்ந்து இரண்டு அட்டைகளைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி அருகே கொண்டுவந்தாள். தலை சுற்றியது போல, ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

"டேய், இதுல சாப்பாட்டுக்கு முன்னாடி எது?"

"எனக்கெப்படிக்கா தெரியும்? டாக்டர் மாமாகிட்டதானே சொன்னார்."

அவள் நிமிரவில்லை. ஒரு அட்டையைக் கீழே வைத்துவிட்டு, மற்றதிலிருந்து ஒன்றைப் பிதுக்கினாள்.

"அது இல்லம்மா" என்றார் இவர்.

அவள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரைக் கேட்டாள், தம்பியிடம்.