மணி அடிக்கும்வரை கண் திறக்கக் கூடாது

"பாலை அடுப்பில வெச்சுட்டு எங்கடி போனே? பாத்திரத்தோட அடியப் பாரு, தார் ரோடு மாதிரி..."

"எங்கயும் போகலக்கா, இங்கதான் நின்னேன். பொங்கினது இந்தப் பக்கம்..."

"பக்கத்துல நின்னுக்கிட்டே பொங்க விட்டியா? அது இன்னும் அழகு!"

"சொல்றதக் கொஞ்சம் கேளுக்கா. ஒரு மாசமாவே இந்த எடது..."

"எடதும் வேணாம் வலதும் வேணாம்! ஏரிக்கரையில ரெண்டு மணி நேரம் உக்காந்து மனச ஒரு நிலைக்குக் கொண்டு வந்தா, வாசல்ல கால் வெச்ச ரெண்டே நிமிஷத்துல எல்லாத்தையும் கருக்கி வெச்சிருக்கே. கண்ணு என்ன அவிஞ்சா போச்சு உனக்கு?"

தங்கை ஏதோ சொன்னாள். கருகிய பாத்திரத்தை அக்கா தொட்டிக்குள் விட்டெறிந்த சத்தத்தில் அது அமுங்கிப் போயிற்று.

அக்கா யோகா டீச்சர். வாய் ஓயாத தையற்கடைக்காரம்மா முதல் ஓய்வுபெற்ற தபால்காரர் வரை இருபது பேர் விடியற்காலையில் ஏரிக்கரை மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். எல்லா ஆசனமும் முடிந்தபின் கடைசியாகச் சவாசனம். அதற்கு அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: மணி அடிக்கும்வரை எவரும் கண் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. எறும்பு கடித்தாலும் சரி.

தினமும் பேசிப் பேசித் தொண்டை கட்டுகிறது, ஒரு நாளாவது தானும் அவர்களோடு படுக்கலாமே என்று அவளுக்கு ஆசை. அதனால்தான் பால் கருகிய அன்று காலை, எல்லாரும் போனபின் மரத்தடியிலேயே உட்கார்ந்து, சவாசனத்துக்கான பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தாள்.

மறுநாள் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

"பாதங்கள் தளரட்டும்... முழங்கால்கள் தளரட்டும்..." தன் குரல் தனக்கே இதமாக இருந்தது. பேச்சு முடிந்தபின் குருவிச் சத்தம், இலைகளின் சலசலப்பு, யாரோ நடக்கும் ஓசை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அப்படியே கண்ணயர்ந்து விட்டாள்.

ஒரு பொம்பளை கத்துகிற கத்தலில்தான் விழிப்பு வந்தது. விடிந்ததும் விடியாததுமாக யாரிவள் இப்படித் தொண்டை கிழிய, வளர்ப்பு சரியில்லாத ஜென்மம் என்று எரிச்சல்பட்டாள். "எங்கடி போனே?" என்று அந்தப் பொம்பளை கேட்ட பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது.

பதிவை நிறுத்தாமலே பைக்குள் போட்டிருக்கிறாள். வீடு நாலு நிமிஷ நடை. பை தொங்கியது சமையலறை ஆணியில், தங்கை நின்ற பக்கமாக.

கை மணிக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. நேற்று தன் குரலைத் தவிர வேறெதுவும் அவள் காதில் விழவில்லை. இன்று தன் குரல் தள்ளி எங்கோ கத்திக்கொண்டிருக்க, தங்கையின் குரல் காதுக்கருகே கேட்டது.

"கண்ணு என்ன அவிஞ்சா போச்சு உனக்கு?"

"ஆமாக்கா. எடது கண்ணு தெரியல. ஓரத்திலேர்ந்து இருட்டிக்கிட்டே வருது. பயமா இருக்குக்கா."

பாத்திரம் விழுந்தது. அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும், வெகுநேரம்.

இருபது பேரும் சட்டம் தவறாமல் கண்ணை மூடிக் கிடந்தார்கள். ஒரு விரல்கூட அசையவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை நினைத்து அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மணியை அடித்தாள். எழுந்தவர்கள் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தபால்காரர் விரிப்பை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"இன்னிக்குக் காத்து நல்லா இருந்துச்சு இல்ல டீச்சர்?" என்றார்.

காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை.

தையற்கடைக்காரம்மா மட்டும் போகும்போது தோளைத் தொட்டாள். "இதைத் தள்ளிப் போடாதீங்க டீச்சர். எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் ஓரத்துல ஆரம்பிச்சுது. இன்னிக்கே காட்டிடுங்க."

அடுத்த வகுப்பு இல்லையென்று தகவல் அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

தங்கை முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அடுப்பருகே நின்றிருந்தாள். ஒரு மாதமாக அப்படித்தான் நிற்கிறாள். அதை ஏதோ முறுக்கு என்று நினைத்து அதற்கும் ஒருநாள் திட்டியாயிற்று.

"அடுப்ப அணை. புடவைய மாத்து."

"ஏன்க்கா? பாலு பொங்கலக்கா, பாத்துக்கிட்டுத்தான்..."

"பால் கிடக்கட்டும். கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

தங்கையின் கை அடுப்புத் திருகிலேயே நின்றது. "கண்ணுக்கா?"

"எடது கண்ணுக்கு. ஓரத்துல இருட்டுதுல்ல?"

தங்கையின் முகம் மலர்ந்தது. திட்டு வாங்கிய சுவடே இல்லை. சின்னப் பிள்ளைபோல அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கத்துன கத்துல நான் சொன்னது எங்க விழுந்திருக்கப் போகுதுன்னு ராத்திரி பூரா அழுதேன். அப்போ நேத்தே உன் காதுல விழுந்துடுச்சாக்கா?"