மாமியார் பேரில் கொடுத்தது

போன் வந்ததிலிருந்து அருள்மொழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். வாசலுக்குப் போனாள், வந்தாள். உலை பொங்கி அடுப்பை அணைத்ததைக் கண்ணால் பார்த்தபடியே நின்றாள்.

பேசியவர் நர்ஸ் பெரியநாயகி. "உங்க மாமியார் ரங்கம்மாளோட டெஸ்ட்டுல வைரஸ் இருக்குதுன்னு வந்திருக்கும்மா. இது புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. கண்டுக்காம வுட்டா பின்னாடி அதுல கொண்டு போய் வுடலாம். நாளைக்கே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு இட்டாந்துடுங்க."

சிக்கல் என்னவென்றால், அந்தப் பரிசோதனைக் குழாயில் போனது ரங்கம்மாளுடையதே அல்ல.

போன மாதம் வடக்கனந்தலில் இவர்கள் தெருவுக்கு நர்ஸ் வந்திருந்தார். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்கிற பரிசோதனை. இப்போதெல்லாம் மேசையில் படுக்க வேண்டாம், யாரும் பார்க்கவும் வேண்டாம். பஞ்சு வைத்த ஒரு குச்சி, ஒரு சின்னக் குழாய். அவரவர் குளிக்கிற மறைப்புக்குள் போய்த் தானே எடுத்துக் கொடுத்தால் போதும். பெண்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே போய் வந்தார்கள்.

ரங்கம்மாள் மட்டும் நகரவில்லை. மரவள்ளிக் காட்டில் மேஸ்திரியையே ஒரு பேச்சில் உட்கார வைக்கிறவள், அந்தக் குச்சியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். நர்சும் விடுகிற ஆளில்லை. கடைசியில் ரங்கம்மாள் மருமகளை மறைப்புக்குள் இழுத்துப்போய்க் குழாயை அவள் கையில் திணித்தாள்.

"எனுக்கு வெக்கமா கீதுடி. நீ எடுத்துக் குடுத்துடு. வயசுப் பொண்ணு, உனுக்கு இன்னா வந்துடப் போவுது?"

அருள்மொழிக்கு இன்னும் முப்பது நிறையவில்லை. அவள் பெயரில் பரிசோதனையே கிடையாது. பரீட்சையில் ஆள்மாறாட்டம் செய்தால் பிடிப்பார்கள், இதில் யார் பிடிக்கப் போகிறார்கள்? அன்று மதியம் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் சோறு தின்றார்கள்.

இப்போது ரங்கம்மாளின் மகன் ஜீவா, சேதி கேட்டு லாரியை நிறுத்திவிட்டு வந்தவன், அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் கீறேன், நீ இன்னாத்துக்குமா கவலப்படுற" என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. ரங்கம்மாள் மருமகளைப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

திறந்தால் என்ன ஆகும்? இந்த வைரஸ் ஆண் பெண் சேர்க்கையில் வருவது என்று நர்ஸ் அன்றைக்கே சொல்லியிருந்தார். என்னுடையதுதான் என்று சொன்னால், எங்கேயிருந்து வந்தது என்று ஜீவா கேட்பான். அல்லது, சேலத்துக்கும் சென்னைக்கும் லாரி ஓட்டுகிற அவனை இவள் கேட்க வேண்டும். எது நடந்தாலும் குடும்பம் இரண்டாகிவிடும். சொல்லாவிட்டாலோ, டாக்டர் மாமியாரைப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். இவளுக்குள் இருப்பது இருந்துகொண்டே இருக்கும். அருள்மொழி விடிய விடியப் புரண்டு படுத்தாள்.

காலையில் ரங்கம்மாளே மகனை வேலைக்கு விரட்டிவிட்டு மருமகளோடு பஸ் ஏறினாள். கல்வராயன் மலை பின்னால் போய் மறைந்த பிறகுதான் பேசினாள்.

"என் பேர்லயே நீ உள்ள போயிடு. அவனுக்குத் தெரிய வாணாம்."

"உங்க வயசு அம்பத்தஞ்சுன்னு எழுதிக்கீறாங்க அத்தை. என் மூஞ்சியப் பாத்தா தெரியாதா? எல்லாம் உங்க வெக்கத்தால வந்தது." கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் மாமியாரிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. ரங்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிட்டதும் அருள்மொழிதான் எழுந்து போனாள். உள்ளே பெண் டாக்டர். "நீங்களா ரங்கம்மாள்?" என்று கேட்டு முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் திட்டாமல் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். "இந்த வைரஸ் ரொம்பப் பேருக்கு வரும்மா. பெரும்பாலும் தானா போயிடும். சில பேருக்கு வருஷக்கணக்கா உள்ளேயே தூங்கிட்டிருக்கும். எப்ப வந்துச்சு, யார்கிட்டயிருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வீட்ல சண்டை போட இதுல ஒண்ணுமில்ல."

திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, மருந்து தடவிப் பார்த்தார். புற்றாக மாறாத, சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு. அதை இங்கேயே ஒரு கருவியால் சூடு வைத்துச் சரிசெய்துவிடலாம், அடுத்த வருடம் மறக்காமல் வந்து காட்ட வேண்டும் என்றார். அருள்மொழிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிம்மதியில் வந்த அழுகை.

"அப்போ உங்க மாமியாருக்கு இன்னும் டெஸ்ட்டே எடுக்கலையே. கூப்பிடுங்க அவங்கள."

வெளியே பெஞ்சில் ரங்கம்மாள் முந்தானையை முறுக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

"எனுக்குப் பெருசா ஒண்ணுமில்லையாம் அத்தை. இப்ப நீங்க வாங்க. பொம்பள டாக்டர்தான், இன்னா வெக்கம்?"

ரங்கம்மாள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"வெக்கம்லாம் இல்லடி" என்றாள் மெதுவாக. "எனுக்கு நின்னுபோயி எத்தினியோ வருசமாச்சி. தை மாசத்துலேருந்து மறுபடியும் ரத்தம் பட்டுக்கினு கீது. இப்ப ஜாஸ்தியா கீது. அந்தக் குச்சியக் குடுத்தா தெரிஞ்சிபூடும்னுதான் உங்கிட்ட தள்ளி வுட்டேன்."

அருள்மொழிக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து தன் உயிருக்காகத் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு, அதே வீட்டில் இன்னொருத்தி மாதக்கணக்கில் தனியாகத் தவித்தது தெரியாமல் போயிற்று.

"என்னுது நல்லபடியா வந்திருந்தா?" என்றாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு நர்சம்மா போயிருப்பாங்க. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க. இல்ல அத்தை?"

ரங்கம்மாள் முறுக்கிய முந்தானையை விட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"எழுந்திரிக்க முடியலடி. புடி, உள்ள போலாம்."