இரண்டு பேரும் தெரிகிற ஷாட்

விஜயசங்கரின் படத்தில் மொத்தமே இரண்டு பாத்திரங்கள். ஊரோடு ஒட்டாத இரண்டு பையன்கள் சிநேகமாகிறார்கள், அவ்வளவுதான் கதை. பதினோரு மாதம் எடுத்தும் அந்த இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு ஷாட்டில்கூட வரவில்லை. நடிப்பது அவனும் சிநேகிதன் முஃபீதும்தான்; ஒருவன் நடித்தால் மற்றவன் போனைப் பிடிக்க வேண்டுமே! மூன்றாவதாகக் கூப்பிட ஒரு ஆள் இருந்திருந்தால் அவர்கள் இப்படியொரு படமே எடுத்திருக்க மாட்டார்கள். ஸ்டாண்டு ஒன்று வாங்கினார்கள். குற்றாலத்துக் குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு மரமேறியது, இன்னும் இறங்கவில்லை.

விஜயசங்கர் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். ஆதார் அட்டையை நகலெடுக்க வருகிறவர்களிடமும் "மூஞ்சியில லைட்டிங் சரியில்ல" என்று வாதாடுவான். அவனைக் கண்டாலே ஆட்கள் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். நெட்டையன் முஃபீத் ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்து பதினெட்டு வயதில் ஊர் வந்தவன். செய்தி வாசிப்பதுபோல் தமிழ் பேசுவான். டீக்கடையில் போய் "தேநீர் கிடைக்குமா?" என்று கேட்ட அன்றே அவன் கதை முடிந்தது. இனம் இனத்தோடு சேரும் என்பார்கள். இனமே இல்லாதவன் எங்கே போவான்? ஜெராக்ஸ் கடைக்குத்தான்.

இப்போது முஃபீதுக்கு மஸ்கட்டில் வேலை. இன்று மதியம் திருவனந்தபுரத்துக்குக் கார். அதற்குள் அந்த ஒரு ஷாட்டை எடுக்காவிட்டால், தானும் அவனும் கூட்டாளிகளாக இருந்ததற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது என்று விஜயசங்கர் பயந்தான்.

குற்றாலம் ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும், கடற்கரை என்று பெயர்கொண்ட அண்ணாச்சிதான் சும்மா இருந்தார். போனைப் பிடிக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"மொதல்ல எண்ணெய் தேச்சுக்கிடுங்க. வறண்ட ஒடம்போட அருவியில நின்னா, படம் பாக்கவனுக்குச் சளி பிடிக்கும்."

தேய்த்தார். கதாநாயகர்கள் இருவரும் உளுந்தவடைபோல் மின்னினார்கள். முஃபீத் போனைப் பார்த்துத் தலை சீவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி அவரிடம் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இந்தச் செவப்புப் பொட்டை அமுக்குங்க. நாங்க பிரியுத வரைக்கும் அசங்காதீங்க," என்றான் விஜயசங்கர்.

வசனம் எழுதி வைத்திருந்தான். ஒன்றும் வாயில் வரவில்லை. பிறகு கார் வந்தது, முஃபீத் தலைகூடத் துவட்டாமல் போய்விட்டான்.

பஸ்ஸில் உட்கார்ந்து விஜயசங்கர் போனைப் பார்த்தான். திரை முழுக்க அண்ணாச்சியின் மீசை. முஃபீத் தலை சீவிய செல்பி கேமராவை யாரும் மாற்றவில்லை. எடுக்கிறவன் முகம்தான் எடுக்கிறவனுக்குத் தெரியும்போல என்று நினைத்து மனுஷன் ஒன்பது நிமிஷமும் அசங்காமல் நின்றிருக்கிறார். விஜயசங்கருக்கு ஓவென்று அழலாம் போலிருந்தது.

ஆனால் மீசை பேசியது.

"ரெண்டு பயலுவளும் ஒண்ணும் பேச மாட்டுக்கானுவ... நெட்டையன் அழுதான். மத்தவன் தண்ணிக்குள்ள மூஞ்சியக் குடுக்கான், அழுகைய மறைக்கானாம்... ஏலே, கட்டிப்பிடிங்கலே! ஆங், பிடிச்சுட்டானுவ. எண்ணெயில வழுக்குது, இருந்தாலும் விட மாட்டுக்கானுவ..."

அண்ணாச்சியின் உதடு கோணியது. மூக்கை உறிஞ்சினார். "எனக்கு இப்பிடி ஒரு சேக்காளி வாய்க்கலியே," என்று கேவினார்.

விஜயசங்கர் அதை மூன்று தடவை பார்த்தான். நான்காவது தடவை பார்க்கையில் முஃபீத் கூப்பிட்டான்.

"காட்சி நன்றாகப் பதிவாகியிருக்கிறதா?"

"பதிவாயிருக்குலே," என்றான் விஜயசங்கர். "நாம ரெண்டு பேரும் இருக்கோம்."